வெள்ளத்துக்குப் பிறகு செய்த வேலை பல்லிளிக்கிறதா? அறிகுறி பார்த்து ஆளைப் பிடிக்கும் வழி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தள வீடுகளில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வீட்டுக் காப்பீடு வைத்திருந்தவர்கள் கிளெய்ம் போட்டார்கள், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்தார், பணமும் வந்தது. மேஸ்திரி பூசினார், பெயின்டர் பட்டி பார்த்தார், பொங்கலுக்குள் வீடு பளபளவென்று ஆனது. பங்குனி வெயிலில் அதே சுவர் பொரியத் தொடங்கியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்த பிறகு விழுப்புரம், கடலூர்ப் பக்கமும் இதே கதைதான்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போடுகிறார்கள். "கிளெய்ம் க்ளோஸ் ஆயிடுச்சு சார்" என்று பதில் வரும். மேஸ்திரியைக் கேட்டால், "இன்சூரன்ஸ்காரன் கொடுத்த காசுக்கு இவ்வளவுதான் சார் வரும்" என்பார். நடுவில் வீட்டுக்காரர் மறுபடி கையிலிருந்து செலவழிப்பார்.

இதில் சிக்கல் ஒன்றுதான். யார் மேல் தப்பு என்று தெரியாமலே சண்டைக்குப் போகிறோம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் பட்டியலில் உள்ள ஒப்பந்தக்காரரையே அனுப்பிவைக்கும். அங்கே வேலை கெட்டால் நிறுவனத்தையும் பிடித்துக் கேட்கலாம். நம் ஊரில் பெரும்பாலும் நிறுவனம் தருவது பணம் மட்டும்தான். ஆளைப் பிடிப்பது நீங்கள். மட்டமான கைவேலை என்பது புயல், வெள்ளம், தீ மாதிரி பாலிசியில் எழுதியிருக்கும் ஆபத்து அல்ல. அதனால் அதைச் சரிசெய்ய இரண்டாவது கிளெய்ம் போட முடியாது.

ஆனால் எல்லாமே மேஸ்திரியின் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. குறை மூன்று வகைப்படும். வேலை செய்தவர் கெடுத்தது கைக்குறை. சர்வேயர் மதிப்பீட்டில் அந்தச் சேதமே விட்டுப்போயிருந்தால் அது கணக்குக்குறை. வெள்ளம் வருவதற்கு முன்பே வீட்டில் இருந்தது பழங்குறை. முதலாவதுக்கு மேஸ்திரி அல்லது ஒப்பந்தக்காரர், இரண்டாவதுக்குக் காப்பீட்டு நிறுவனம், மூன்றாவதுக்கு நீங்கள் (சில சமயம் பில்டர்). கீழே ஒவ்வொரு அறிகுறியையும் இந்த மூன்றில் எதில் சேர்ப்பது என்றுதான் பார்க்கப்போகிறோம்.

எதையும் உடைப்பதற்கு முன்

சர்வே அறிக்கையின் நகல் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கேட்டால் தர வேண்டும். பணம் கணக்கில் வந்துவிட்டால் போதும் என்று பலர் அதைப் பார்ப்பதே இல்லை. எந்தச் சுவருக்கு எத்தனை சதுர அடி பூச்சு, எந்தக் கதவு, எத்தனை மீட்டர் வயர் என்று அதில் வரி வரியாக இருக்கும். இந்த ஆவணம் இல்லாமல் கைக்குறையையும் கணக்குக்குறையையும் பிரிக்கவே முடியாது.

அதன் பக்கத்தில் மேஸ்திரி கொடுத்த கொட்டேஷனை வையுங்கள். எழுதித் தரவில்லை, வாட்ஸ்அப்பில்தான் பேசினோம் என்றால் அந்த உரையாடலை அப்படியே சேமித்துக்கொள்ளுங்கள். பணம் போட்ட வங்கி விவரம், வேலை நடந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் ஒரு இடத்தில் இருக்கட்டும். இப்போது குறையைப் படம் எடுங்கள். அருகில் ஒரு அளவுகோலை வைத்து ஒரு படம், தள்ளி நின்று அறையோடு சேர்த்து ஒரு படம். கிட்டத்தில் மட்டும் எடுத்த விரிசல் படம் எந்த வீட்டுச் சுவராகவும் இருக்கலாம்.

மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் பிரேக்கர்) விழுகிறது, அல்லது சுவரில் கை வைத்தால் சுர்ரென்கிறது

பட்டியலில் இது முதலில் வருவதற்குக் காரணம், மற்றதெல்லாம் பணம் சம்பந்தப்பட்டது, இது உயிர் சம்பந்தப்பட்டது. மெயினை அணைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

தண்ணீரில் மூழ்கிய வீட்டில் சுவிட்சையும் பிளக்கையும் மட்டும் மாற்றிவிட்டு, சுவருக்குள் குழாயில் ஓடும் வயரை அப்படியே விட்டுவிடுவது வழக்கமான குறுக்குவழி. பிளாஸ்டிக் குழாய்க்குள் போன தண்ணீர் எளிதில் வெளியே வராது. சேறும் உப்பும் உள்ளேயே தங்கும். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. காற்றில் ஈரம் ஏறியதும் கசிவு தொடங்கி ஆர்.சி.சி.பி. விழும். "பிரேக்கர் வீக்கா இருக்கு, பெருசா போட்டுடலாம்" என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஆளை மாற்றுங்கள். வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் ஆர்.சி.சி.பி. போடுவது ஆளைக் காப்பாற்றத்தான். விழுவது அதன் வேலை.

சோதனை இப்படி. மின் உரிமம் உள்ள ஒருவரிடம் 500 வோல்ட் மெக்கர் (வயரின் காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டும் சர்க்யூட்டை நம்பக் கூடாது. அளவுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். ஒரு சுவிட்ச் பாக்ஸைக் கழற்றி வயரைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். செம்புக் கம்பி பச்சைப் பூத்திருக்கும், குழாயின் வாயில் காய்ந்த சேறு ஒட்டியிருக்கும்.

இனி அறிக்கையைத் திறங்கள். அதில் "ரீவயரிங்" என்று தொகை போட்டிருந்து வயரை மாற்றவில்லை என்றால் கைக்குறை. கொஞ்சம் கடுமையாகவே பேசலாம், காசை வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யவில்லை. அறிக்கையில் சுவிட்சுகள் மட்டுமே இருந்தால் கணக்குக்குறை. மெக்கர் அளவையும் படங்களையும் வைத்து நிறுவனத்துக்கு எழுத வேண்டும், எப்படி என்பது கீழே வருகிறது.

சுவரின் அடியில் வெள்ளைப் பொடி, பெயிண்ட் கொப்புளம், பட்டி அப்பளமாக உரிகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

முதலில் உயரத்தைப் பாருங்கள். வெள்ளம் நின்ற கோடு பல வீடுகளில் வெளிச் சுவரிலோ மாடிப்படி அடியிலோ இன்னும் தெரியும். அந்த உயரம் வரைக்கும், அதற்குச் சற்று மேலும் உரிந்திருந்தால், ஈரம் காயாத சுவரில் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் தண்ணீரில் ஊறினால் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். அதன்மேல் பட்டியும் பிரைமரும் எமல்ஷனும் ஏற்றினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளிருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வந்து, அங்கே உப்பு படிகமாகும்போது பட்டியைத் தள்ளும். கொப்புளத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். அடியில் மாவு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தால் உப்பு. கருப்பாக, மக்கிய வாடையோடு இருந்தால் பூஞ்சணம்.

உரிதல் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி வரைக்கும் மட்டும், வீட்டின் எல்லாச் சுவரிலும் ஒரே மாதிரி இருந்தால் கதை வேறாக இருக்கலாம். அது அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம். அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பூச்சு சரியாக இல்லாத வீடுகளில் வரும். வெள்ளத்துக்கு முந்தைய படங்களைத் தேடுங்கள். பழைய தீபாவளிப் படத்தில் சோபாவுக்குப் பின்னால் அதே இடத்தில் கறை தெரிந்தால், மேஸ்திரியைத் திட்டிப் பயனில்லை, சர்வேயரையும் திட்டிப் பயனில்லை. பழங்குறை. ஒரே விதிவிலக்கு, பில்டரிடம் வாங்கிய வீடாக இருந்து, சாவி வாங்கி 5 ஆண்டுகள் ஆகவில்லை என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி பில்டரைக் கேட்கலாம். கட்டுமானத் தரக் குறையை எழுத்தில் தெரிவித்த 30 நாளுக்குள் அவர் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். இந்தச் சட்டம் நீங்கள் பிடித்துவந்த ரிப்பேர் மேஸ்திரிக்குப் பொருந்தாது. பலர் அதைக் குழப்பிக்கொண்டு இந்தச் சட்டத்தின் கீழ் மனு போட்டு மாதங்களை வீணாக்குகிறார்கள்.

எது என்று உறுதியாகத் தெரிய ஒரு எளிய சோதனை இருக்கிறது. உரிந்த இடத்தைச் சுரண்டி, பூச்சு வரைக்கும் சுத்தம் செய்து, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். சாயங்காலம் ஒட்டினால் மறுநாள் மத்தியானம் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். அதே நாளில் வெள்ளக் கோட்டுக்கு மேலே, உரியாத இடத்திலும் ஒரு தாளை ஒட்டுங்கள். கீழே ஈரம், மேலே உலர்வு என்று இரண்டும் சேர்ந்த ஒரு படம் இருந்தால், பத்துப் பக்கப் புகார்க் கடிதத்தைவிட அது பேசும்.

கைக்குறை என்று தெரிந்தால் மேஸ்திரியிடம் கேட்க வேண்டியது "மறுபடி பெயிண்ட் அடி" என்பதல்ல. அடித்தால் அடுத்த பங்குனியில் இதே கட்டுரையை மறுபடி படிப்பீர்கள். பட்டியை முழுக்கச் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து (தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும்), ஜன்னலைத் திறந்து காயவிட்டு, பிளாஸ்டிக் தாள் உலர்வாக வந்த பிறகே சிமென்ட் பட்டி பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். நடுவில் சுவர் அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.

சில ஒப்பந்தக்காரர்கள் ஈரச் சுவரில் "டேம்ப் ப்ரூஃப் பெயிண்ட்" அடித்துவிட்டு உத்தரவாதம் பேசுவார்கள். டப்பாவின் மேலேயே காய்ந்த சுவரில் அடிக்கச் சொல்லி எழுதியிருக்கும். அந்த வரியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

சுவரைத் தட்டினால் பொள்ளென்கிறது, மேலே வலை வலையாக விரிசல்

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அரையடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டியிருக்கும் பூச்சு கெட்டியாகச் சத்தம் தரும், விட்டுப்போன பூச்சு பானையைத் தட்டியது போல ஒலிக்கும். பொள்ளலான இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் குறியுங்கள். ஒரு சுவர் முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தால் தீவுகளாகத் தெரியும். அதையும் ஒரு படம்.

பழைய சுவரைக் கொத்திவிடாமல், நனைக்காமல், அப்படியே மேலே பூசியிருந்தால் இது வரும். இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் தெளித்துக் குழைத்துப் பூசினாலும் வரும். வலை விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர் விடாதது, அல்லது பூச்சுக்கு உரிய பி-சாண்டுக்குப் பதிலாக எம்-சாண்டைப் போட்டது. புதுப் பூச்சுக்குக் குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் விட வேண்டும். பொங்கல் அவசரத்தில் அதை யார் செய்தார்கள்?

எல்லாமே கைக்குறை. ஆனால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், அதிலும் உள்ளே வெளியே இரு பக்கமும் தெரிகிறது என்றால் பூச்சை விடுங்கள். அஸ்திவாரம் அசைந்திருக்கலாம். விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்டில் ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அப்போது மேஸ்திரியிடம் பேச்சில்லை, ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர்தான்.

தரை டைல்ஸ் ஆடுகிறது, அல்லது அறையின் நடுப்பகுதி இறங்கியிருக்கிறது

இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் வேறு வேறு. ரசமட்டத்தையோ நேரான அலுமினியக் கட்டையையோ தரையில் போடுங்கள். தரை மட்டமாக இருந்து, அங்கங்கே டைல்ஸ் மட்டும் பொள்ளலாக ஒலித்தால் ஒட்டிய விதம் தப்பு. டைலின் நடுவில் ஒரு கொட்டு, நாலு மூலையில் நாலு கொட்டு கலவை வைத்து அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். கைக்குறை, விவாதமே இல்லை.

கட்டையின் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் தரையே இறங்கியிருக்கிறது. வெள்ளம் வடியும்போது தரைக்கு அடியில் நிரப்பியிருந்த மண்ணையும் மணலையும் கூட இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். சர்வேயர் வந்த அன்றைக்கு மேலே டைல்ஸ் நன்றாகத்தான் இருந்திருக்கும், அவர் எழுதியிருக்க மாட்டார். மேஸ்திரியும் மேலே மட்டும் மாற்றியிருப்பார். இதுதான் சரியான கணக்குக்குறை, மறைந்திருந்த சேதம்.

இந்த இடத்தில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். தரையை உடைத்து, மண் நிரப்பி, புது டைல்ஸ் போட்டுவிட்டு, பிறகு பில்லோடு நிறுவனத்திடம் போனால் அவர்கள் எதைப் பார்த்துச் சம்மதிப்பார்கள்? ஓரமாக ஒரே ஒரு டைலை எடுத்துக் குழியைத் திறந்து வையுங்கள். உள்ளே கையளவோ முழ அளவோ வெற்றிடம் இருப்பதை டேப்பை உள்ளே விட்டு அளந்து வீடியோ எடுங்கள். பழைய கிளெய்ம் எண்ணைப் போட்டு, "அதே வெள்ளத்தில் ஏற்பட்டு அப்போது கண்ணுக்குத் தெரியாதிருந்த சேதம், மூடும் முன் மறு ஆய்வு வேண்டும்" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். சர்வேயர் வரும் வரைக்கும் மூடாதீர்கள். வராமலே நாள் போனால், மூடப்போகும் தேதியைச் சொல்லி இன்னொரு மின்னஞ்சல் போட்டுவிட்டு, ஒரு இன்ஜினியரை வைத்துப் பார்வைக் குறிப்பு எழுதி வாங்கிய பிறகு மூடுங்கள்.

"முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்னு வவுச்சர்ல கையெழுத்துப் போட்டுட்டீங்களே" என்பார்கள். அந்தக் கையெழுத்தைக் காட்டி, கூடுதல் தொகை கேட்கும் உரிமையையே பறிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2015 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதைச் சொல்லி எழுதுங்கள்.

கதவு

மூழ்கிய ஃப்ளஷ் கதவு (பலகைகளை ஒட்டிச் செய்தது) உப்பி, ஓரத்தில் ஏடு ஏடாகப் பிரியும். அதை ஆணி அடித்து அமுக்கிப் பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்குத் தாங்காது. அறிக்கையில் "மாற்றல்" என்று இருந்து, வீட்டில் "அமுக்கல்" நடந்திருந்தால் கைக்குறை. கதவின் மேல் விளிம்பில் கையை வைத்துப் பாருங்கள். அங்கே யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை, பழைய மரமா புதிய மரமா என்று தெரிந்துவிடும்.

மாடி ஒழுகுகிறது

தண்ணீர் கீழிருந்து வந்த வெள்ளத்துக்கும் மாடி ஒழுகலுக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். புயலில் மரமோ தண்ணீர்த் தொட்டியோ விழுந்து, தளத்தில் பதித்த தட்டோடுகள் உடைந்து ஒழுகினால் அது கிளெய்மில் வரும். பத்து வருடமாகத் தட்டோட்டுச் சந்துகளில் செடி முளைத்து ஒழுகினால் வராது. சர்வேயர் மறுத்தால் அவர் சொல்வது சரிதான்.

மாடி வேலை செய்திருந்தால் பணத்தின் கடைசிப் பகுதியைக் கொடுக்கும் முன் மழைநீர்க் குழாயை அடைத்து, இரண்டு மூன்று அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடுங்கள். கீழே கறை வராமல் இருந்தால் குழாயைத் திறந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், தண்ணீர் எங்காவது குட்டையாக நின்றால் வாட்டம் (தளத்தின் சரிவு) சரியில்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வளைத்துப் பூசாமல் நேராக விட்டிருந்தால், ஒழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடி சங்கத்துடையது. உங்கள் மேஸ்திரியைக் கூட்டிப்போய் மேலே கை வைக்கும் முன் சங்கத்தின் கடிதம் வாங்குங்கள்.

சன்ஷேடில் கம்பி துருப்பிடித்து காங்கிரீட் உதிர்வதை வெள்ளச் சேதத்தில் சேர்க்கப் பார்க்காதீர்கள். துருவுக்கு வயது தெரியும்.

"கொடுத்த காசுக்கு இவ்வளவுதான் வரும்"

இதுவும் ஒரு அறிகுறிதான், சுவரில் தெரியாதது.

மேஸ்திரி சொல்வது பொய்யாகவே இருக்க வேண்டியதில்லை. அறிக்கையில் பூச்சுக்குப் போட்டிருக்கும் சதுர அடி விலையையும் அவருடைய கொட்டேஷனையும் ஒப்பிடுங்கள். அறிக்கை விலை உண்மையிலேயே குறைவாக இருந்தால் காரணம் என்ன என்று பாருங்கள். தேய்மானம் கழித்திருக்கிறார்களா? 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் கிரஹ ரக்ஷா பாலிசியில் கட்டடத்துக்குப் புதிதாக்கும் செலவுதான் அடிப்படை. காப்பீட்டுத் தொகை குறைவாக எடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லி விகிதாசாரமாகக் கழிப்பதும் அதில் இல்லை. பழைய பாணித் தீ விபத்து பாலிசி என்றால் இரண்டும் நடந்திருக்கலாம். ஆகவே முதலில் பாலிசியின் பெயரைப் பாருங்கள். கிரஹ ரக்ஷாவில் இடிபாடு அகற்ற கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரைக்கும், ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரைக்கும் உண்டு. சேறு அள்ளிய லாரிக்கூலியை யாரும் கேட்பதில்லை, அதனால் கிடைப்பதுமில்லை.

ஜி.எஸ்.டி.யைக் கழித்திருந்தால் காரணம் பெரும்பாலும் பில். ஒழுங்கான வரி பில் இல்லாமல் வரித் தொகையைத் தர மாட்டார்கள். மேஸ்திரி பில்லில் 18 சதவீதம் போட்டிருக்கிறார், ஆனால் ஜி.எஸ்.டி. எண் இல்லை என்றால் அவர் அந்த வரியை வாங்கவே கூடாது. தமிழ்நாட்டுப் பதிவு எண் 33 என்று தொடங்கும், 15 இலக்கம் இருக்கும், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அடித்தால் பெயர் வரும்.

வீட்டுக் கடன் இருந்தால் இன்னொன்று. பாலிசியில் வங்கியின் பெயர் இருக்கும். பணம் வங்கிக்குப் போய், அது கடனில் வரவு வைத்துவிட்டு மீதியைத் தந்திருக்கலாம். "இன்சூரன்ஸ் குறைச்சுட்டான்" என்று நினைத்துக்கொண்டிருப்போம். கடன் கணக்கு விவரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு வகை ஒப்பந்தக்காரர் இருக்கிறார். "ரெண்டு லட்சத்துக்கு வேலை, மூணரைக்கு பில் போட்டுத் தரேன், சர்வேயரை நான் பார்த்துக்கறேன்" என்பவர். இவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். பொய் பில் என்று தெரிந்தால் நிறுவனம் கூடுதல் தொகையை மட்டுமல்ல, மொத்த கிளெய்மையும் மறுக்கலாம். அதைவிட, பின்னால் அவர் வேலையைக் கெடுத்தால் நீங்கள் எந்த பில்லை வைத்துப் புகார் கொடுப்பீர்கள்? அது அவருக்கும் தெரியும்.

போனை எடுப்பதில்லை

பணம் முழுவதும் கொடுத்துவிட்டீர்களா, மிச்சம் இருக்கிறதா? மிச்சம் இருந்தால் பாதி வெற்றி. அரசு வேலைகளில் ஒப்பந்தக்காரரின் பில்லில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, குறிப்பிட்ட காலம் கழித்துத்தான் விடுவிப்பார்கள். வீட்டு வேலையிலும் பத்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் வரைக்கும் நிறுத்திவைப்பதாக முதலிலேயே பேசி எழுதிக்கொள்வது நல்லது. நல்ல மேஸ்திரிகள் முகம் சுளித்தாலும் ஒப்புக்கொள்வார்கள்.

எல்லாம் கொடுத்தாகிவிட்டது என்றால் வரிசையாகப் போங்கள். ஒரு பக்கக் கடிதம், ஸ்பீடு போஸ்ட்டில். என்ன வேலைக்கு, எப்போது, எவ்வளவு கொடுத்தோம், இப்போது என்ன குறை, எத்தனை நாளில் வந்து பார்க்க வேண்டும். திட்டு வேண்டாம். அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், இரண்டு நீலக் கோடு விழுந்ததைப் படம் பிடியுங்கள். அவர் வராமல் வேறு ஆளை வைத்துச் சரிசெய்யும் முன், வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரிடம் அறிக்கை வாங்குங்கள். அவர் எழுத வேண்டியது குறை, காரணம், சரிசெய்யும் செலவு. புதிதாகச் சரிசெய்ய வந்த மேஸ்திரி முந்தையவரைத் திட்டி எழுதித் தரும் கடிதத்துக்கு மதிப்பில்லை, அவருக்கு வேலை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மேலே சொன்ன 5 சதவீதத்தில் இந்த இன்ஜினியர் கட்டணம் வராது. அது வெள்ளச் சேத வேலைக்கு மட்டும்.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அது சமரசத்துக்கு. பெயர்ப்பலகை உள்ள ஒப்பந்த நிறுவனம் என்றால் சில சமயம் இங்கேயே முடியும். தனி மேஸ்திரி என்றால் பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம்.

அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி வீடு கட்டும் பணியும் 'சேவை'தான். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஒப்பந்தக்காரர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும், "இதோ வரேன் சார்" என்று அவர் இழுப்பதில் இந்தக் காலம் கரைந்துவிடக் கூடாது.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) மேஸ்திரியைப் பற்றிப் புகார் கொடுக்க முடியாது. அவர் பார்ப்பது காப்பீட்டு நிறுவனத்தின் மீதான குறைகளை, அதாவது நம் கணக்கில் கணக்குக்குறையை. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பதிலில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ஓராண்டுக்குள் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு வகைக் குறையும் இருந்தால், உதாரணமாகத் தரை இறங்கியது நிறுவனத்தின் கணக்கு, சுவர் பொரிந்தது மேஸ்திரியின் கை என்றால், இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். மேஸ்திரி மேல் போட்ட மனுவில் "சர்வேயர் குறைத்து மதிப்பிட்டதால்" என்று ஒரு வரி எழுதினால் போதும், காசு போதவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்துப் படிக்கும்.